பனியன் துணியில் அளந்த ஆகாயம்

ஒரு விமானம் விழப்போகிறது என்பதை இந்த உலகத்தில் முதலில் கண்டுபிடித்தவன் நான்தான். அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. விமானத்தை அண்ணாந்து பார்த்ததோடு சரி.

எங்கள் மாமன் பனியனுக்கு ஆர்டர் பிடிக்க வடகிழக்கே போயிருந்தார். கல்யாணமான இரண்டாம் மாதமே கிளம்பிவிட்டார். புறப்படும்போது ஊரே கேட்கும்படி சத்தமாகச் சொன்னார்: "அகர்தலாவுல இருந்து இம்பாலுக்கு ஏரோப்பிளேனுங்க. ரோட்டுல போனா மலை சுத்தியே நாள் போயிரும். இதுல ஒரு மணி நேரந்தான்." பிளேனின் வேகத்தையும் தானே ஓட்டுகிறவர் மாதிரி சொல்லிவிட்டுத்தான் ரயிலேறினார்.

அவர் பறக்கும் நாள் எனக்குப் பள்ளி விடுமுறை. வரைபடத்தில் தூரம் அளக்க அப்போதுதான் கற்றுக்கொடுத்திருந்தார்கள். இரண்டு ஊருக்கும் நடுவே நூலை வைத்து, பிறகு அதை ஸ்கேலில் விறைப்பாகப் பிடித்து மைலாக்க வேண்டும். அட்லஸோடு மாமன் ஊட்டுக்குப் போனேன். வீட்டுக்குப் பின்னாலேயே அவருடைய பனியன் கம்பெனி. கட்டிங் மேசைக்கடியில் கிடந்த துண்டுத் துணியில் நாடா மாதிரி ஒன்றைக் கிழித்து வரைபடத்தில் வைத்தேன். ஸ்கேலுக்குக் கொண்டுபோனால் சுருண்டுகொண்டது. வாத்தியார் சொன்னாரே என்று விறைப்பாக இழுத்தேன். நன்றாகவே இழுத்தேன்.

மாமன் சொன்ன வேகத்தில் வகுத்தால் மூன்று மணி நேரம் வந்தது! ஒரு மணி நேரத்துக்குத்தானே பெட்ரோல் ஊற்றியிருப்பார்கள்?

கொல்லைக்கு ஓடிவிட்டு வந்துதான் மாமன் சம்சாரத்திடம், அதாவது அத்தையிடம், சொன்னேன். "அத்தை, மாமா பிளேனு பாதி வழியில நின்னுருமுங்க!"

"என்ன கண்ணு சொல்ற?" அத்தை கையிலிருந்த தோசைக் கரண்டி கீழே விழுந்தது. அழுகையில் மட்டும் நான் முந்திக்கொண்டேன். சத்தம் கேட்டுக் கட்டிங் மாஸ்டர் பாய் கத்தரியோடு ஓடிவந்தார். சாட்சிக்கு நாடாவை நீட்டினேன். அவர் இழுத்தார், விட்டார். அது துள்ளிச் சுருங்கியது.

"ஏஞ்சாமி, ஒல்லிக்கும் சேரோணும், குண்டனுக்கும் சேரோணும்னு இழுபடுற மாதிரி மிஷின்ல ஓட்டுற துணி இது. இதுல ஊரை அளந்தா இம்பால் பர்மாவுக்கே போயிருமே!"

கம்பெனியே சிரித்தது. அத்தையும் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். பாய் கொடுத்த தையல் நூலில் மறுபடி அளந்தேன். மாமன் சொன்ன அதே ஒரு மணி நேரம். மாமன் பிழைத்தார். காப்பாற்றியவன் என்கிற முறையில் எனக்கு நெய் விட்டு முறுகலாக ஒரு தோசை கிடைத்தது.

தின்றுகொண்டிருந்தபோது அத்தை பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "கண்ணு, அந்த இம்பால்ல இருந்து நம்மூரு எத்தனை தூரம்னு பாரேன்."

விடுவேனா? இந்தியாவைக் குறுக்கே தாண்டி நூலை வைத்து, பெருக்கி, வெற்றியோடு அறிவித்தேன்: "ஆயிரத்து நானூறு மைலுக்கு மேலங்க அத்தை!"

"அத்தனையா?" என்றவர் அட்லஸையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கணக்கை இரண்டு தரம் சரிபார்த்தேன். தப்பே இல்லை. பிறகு ஏன் முகம் வாடிப்போனது? அத்தைக்கு மைல் விளங்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, அதையே எட்டால் பெருக்கிப் பர்லாங்காக மாற்றி இன்னும் சத்தமாகச் சொன்னேன்.