தவளைகளுக்குக் கட்டிய மதகு

எண்பத்தாறாம் ஆண்டு யாழ்ப்பாணத்துக் கோப்பாய் வயல்வெளியில், றோட்டுக்குக் கீழே வெள்ளம் ஓடக் கட்டிய நாலடி உயர மதகு ஒன்றுக்குள் நான் தவழ்ந்து புகுந்த கதையைச் சொல்ல வேண்டும். அதற்கு முன், அதே மதகைப் பற்றி நான் மேடையில் ஆற்றிய வீர உரையையும் சொல்லித்தான் ஆகவேண்டும். வெட்கமாகத்தான் இருக்கிறது.

எழுபத்தேழுத் தேர்தலில் என்னைப் பெரிய பேச்சாளன் என்று நம்பிய இருவரில் நான் ஒருவன். மற்றவர் எங்கள் வேட்பாளர். எதிரே நின்றவர் அப்போதைய எம்.பி. சுருட்டுக் கொட்டிலில் சுருட்டுச் சுற்றியவரின் மகன். சட்டம் படித்து, வாதாடிச் சம்பாதித்ததைத் தொகுதிக்கே செலவழித்தவர். அந்த வயல் றோட்டுக்கு ஒரு மதகு கேட்டுக் கொழும்பு அரசாங்கக் கந்தோர்ப் படிகளைத் தேய்த்தவர். இதையெல்லாம் விட்டுவிட்டு நான் முழங்கினேன்:

“ஆறே இல்லாத ஊருக்குப் பாலம் போட்ட வீரன்! தவளைகளுக்கு வீடு கட்டிக் கொடுத்த வள்ளல்! அவைதான் இவருக்கு வாக்குப் போடும்!”

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. பிறகு போய் அவருக்கே வாக்களித்தது. எங்கள் ஆள் தேர்தலில் நிற்கக் கட்டிய கட்டுப்பணத்தையும் இழந்தார்.

எண்பத்து மூன்றில், தனிநாடு கேட்க மாட்டோம் என்று சத்தியம் செய்ய மறுத்த மற்றத் தமிழ் எம்.பி.க்களோடு அவருடைய பதவியும் போயிற்று. ஆனால் அந்தச் செய்தி சனத்துக்குப் போய்ச் சேரவில்லை போலும். பென்சன் வராதவர்களும் பிள்ளையை இராணுவம் பிடித்துக்கொண்டு போகப் பறிகொடுத்தவர்களும் விடிய முன்னரே அவர் வீட்டு வாசலில் நின்றார்கள். அவரும் குடையை ஹாண்டிலில் கொழுவிக்கொண்டு கச்சேரிக்கு, அதாவது மாவட்ட அரசாங்கக் கந்தோருக்கு, சைக்கிள் மிதித்தார்.

எண்பத்தாறில் ஒருநாள் நானும் அந்த வயல் றோட்டால் சைக்கிளில் யாழ்ப்பாணப் பட்டணத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். றோட்டில் போகிறவர்களைச் சுடும் இராணுவ ஹெலிக்கொப்டரின் சத்தம் கேட்டது. இரண்டு பக்கமும் வெறும் வயல்; ஒதுங்க ஒரு பனைகூடக் கிட்டத்தில் இல்லை. சைக்கிளைப் போட்டுவிட்டுப் பாய்ந்து மதகுக்குள் தவழ்ந்தேன்.

“உள்ளை வாரும், இன்னும் உள்ளை வாரும். வெள்ளைச் சேட்டு மேலையிருந்து நல்லாய்த் தெரியும்.”

மடியில் குடையோடு, பக்கத்தில் சாய்த்த சைக்கிளோடு முன்னாள் எம்.பி. குந்தியிருந்தார்.

மேலே தார் றோட்டில் சடசடவென்று துப்பாக்கிச் சூடு விழுந்தது. எங்கள் தலையில் மண் கொட்டியது. நாத்திகம் பேசித் திரிந்த நான் நல்லூர் முருகனை உரத்துக் கூப்பிட்டேன். அந்தக் கூப்பாட்டில் கலைந்த தவளை ஒன்று என் முழங்காலில் ஏறிக் குந்தியது.

அவர் அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். “தம்பி, உம்மடை தவளையள் சுகமாய் இருக்குதுகள்.”

வெளியே போய் ஹெலிக்கொப்டரையே சந்திக்கலாமா என்று யோசித்தேன்.

“ஐயா, அப்ப நான்...”

“அதை விடும். எஞ்சினியர் ரண்டடிக் குழாய் காணுமெண்டு நிண்டவன். மாரியிலை பள்ளிக்கூடப் பிள்ளையள் இடுப்பளவு தண்ணியிலை போறதைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டித்தான் நாலடியாக்கினனான். இல்லாட்டி இண்டைக்கு உம்மடை தலை உள்ளை, மிச்சம் வெளியிலை.”

சத்தம் அடங்கியதும் வெளியே வந்தோம். என் சைக்கிள் சீற்றில் ஒரு துளை. இறங்கியிராவிட்டால் அதில்தான் நான் குந்தியிருந்திருப்பேன். அவர் வேட்டியைத் தட்டிவிட்டுக் கச்சேரிப் பக்கம் மிதித்தார், யாரோ ஓர் ஆச்சியின் பென்சனுக்காக. நான் வீட்டுப் பக்கம் திரும்பினேன்.

சில வருடங்களில் அவர் நோயில் காலமானார். செத்தவீட்டில் நானே கேட்டு வாங்கி இரங்கலுரை ஆற்றினேன். மதகைப் பற்றி உருகி உருகிப் பேசினேன். என் கண்ணீரும் உண்மையானதுதான். இன்றைக்கும் யாரையாவது கேலி செய்து எழுதப் பேனையை எடுத்தால், அந்த நாலடி உயரம் தலையில் இடிக்கிறது.

அன்று பேசி முடித்து அவருடைய மனைவியிடம் போனேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் சொன்னார்:

“நல்லாய்த்தான் பேசினனீர் தம்பி. ஆனால் அந்தத் தவளைப் பேச்சுக்குக் கிட்டவும் வராது. அவர் அதை வீட்டிலை பேசிக் காட்டிச் சிரிக்காத நாளில்லை.”