தம்பி சொன்னதாக நிஸ்பா சொன்னது

ஸ்பீச் தெரபி வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள், "மிஸ், உங்களுக்குக் கஷ்டமான கேஸ் எது?" என்று கேட்பார்கள். பேச முடியாத பிள்ளை ஒன்றைச் சொல்வேன் என்று எதிர்பார்ப்பார்கள். எனக்கு முதலில் ஞாபகம் வருவது வாய் ஓயாமல் பேசிய ஒரு பெண்பிள்ளைதான்.

போர் முடிந்திருந்த காலம். புத்தளம் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் பழைய சாமான் அறையொன்றைக் கிளினிக் என்று தந்திருந்தார்கள். காற்றாடி ஓடாது. கதவைத் திறந்து வைத்துத்தான் வேலை. கற்பிட்டி பஸ் வந்து நின்றால் வாசல் நிறைந்துவிடும், நான் ஒருத்திதான். மத்தியானத்துக்குள் என் தொண்டையே கட்டிவிடும்.

தில்லையடியில் இருந்து அஷ்பாக்கை உம்மாவும் அக்காவும் கூட்டி வருவார்கள். அவனுக்கு எட்டு வயது. பிறக்கும்போது மூச்சுத் திணறியதில் வாயும் கைகாலும் சொல்வழி கேட்காமல் போய்விட்டன. காதும் புத்தியும் நல்ல தெளிவு. அந்த ராத்தா நிஸ்பாவுக்குப் பதினொன்று. அவன் ஒரு முனகல் முனகினால் போதும், "தண்ணி கேக்கிறான்", "சட்டை குத்துதாம்" என்று இவள் சொல்லிவிடுவாள். பள்ளிக்கூடத்தில் அவன் அழுதால் இவளைத்தான் வகுப்பிலிருந்து எழுப்பிக்கொண்டு போவார்கள். "என்ன கெட்டிக்காரி!" என்று எல்லோரும் புகழ்வார்கள். கேட்கக் கேட்க எனக்கு எரிச்சல்தான் வரும்.

ஒருநாள் வாப்பாவும் வந்தார். தொண்ணூறில் முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னாரிலிருந்து சின்னப் பொடியனாக இடம்பெயர்ந்து வந்தவர். இப்போது தன் வாப்பாவின் காணியில் வீடு கட்டி முடித்திருந்தார். குடும்பத்தோடு திரும்பிப் போக வேண்டும். வார்த்தையை மென்று மென்று பேசினார்.

"மிஸ், மூணு தரம் லொறி பேசி, மூணு தரமும் வேணாம் என்டுட்டன். இவன் வரமாட்டானாம். ஏத்தினா வழி முழுக்கக் கத்துவானாம். வருத்தக்காரப் புள்ளட மனச நோவடிச்சு என்னெண்டு போற? நானும் அங்க தனியக் கிடந்து சமைச்சுத் திண்டு அலுத்துப் போனன்."

"வரமாட்டன் என்டு யாரு சொன்ன?"

"நிஸ்பாதான். அவளுக்குத்தானே இவன்ட கதை விளங்கும்."

அன்றைக்குப் படப் பலகை தயாராக இருந்தது. பேச முடியாத பிள்ளை தொட்டுக் காட்டுவதற்குப் படங்கள் ஒட்டிய அட்டை அது. வாப்பாவின் போனில் இருந்த மன்னார் வீட்டையும் தில்லையடி வீட்டையும், வாப்பா, உம்மா, நிஸ்பா முகங்களையும் பிரிண்ட் எடுத்து ஒட்டினேன். நிஸ்பாவை வெளியே ஆட்கள் உட்கார்ந்து காத்திருக்கும் வாங்கில் இருக்கச் சொன்னேன். கூடப் பிறந்தவர்கள் பக்கத்தில் இருந்தால் பிள்ளை படத்தைப் பார்க்காது, அவர்கள் முகத்தைத்தான் பார்க்கும்.

"அஷ்பாக், எங்க இருக்க ஆசை?"

கை நடுங்கி நடுங்கிப் போய் மன்னார் வீட்டில் விழுந்தது. தற்செயலாக இருக்கலாம் என்று படங்களை இடம் மாற்றினேன். மறுபடியும் மன்னார். இன்னொரு தரம் மாற்றினேன். மன்னார் வீட்டைத் தொட்டுவிட்டு வாப்பாவின் படத்தையும் தொட்டான். தொட்டுவிட்டு அறை அதிரச் சிரித்தான்.

வாப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. நிஸ்பா உள்ளே ஓடி வந்தாள். "அவனுக்கு விளங்கல்ல மிஸ்! பிழையாக் காட்டுறான்!"

"இவ்வளவு நாளும் பொய்யாடி சொன்ன?" உம்மா கையை ஓங்கினா. நான் இடையில் போய் நின்றேன்.

"ஓம், பொய்தான்!" என்று நிஸ்பா கத்தினாள். "நான் வரமாட்டன் என்டு சொன்னா அடம் என்டுவீங்க. அவன் சொன்னா கேப்பீங்க. இங்க கடைக்காரருக்கும் இவனத் தெரியும், என்ட கூட்டாளிமாருக்கும் தெரியும். ஒருத்தரும் சிரிக்கிறல்ல. அங்க போனா முதல்ல இருந்து எல்லாருக்கும் நான்தான் இவனப் பத்திச் சொல்லிக் குடுக்கணும். எனக்கு ஏலா வாப்பா. நான் களைச்சுப் போனன்."

பதினொரு வயதுப் பிள்ளை சொல்கிற சொல்லா அது? ஓங்கிய கையால் உம்மா தன் வாயைப் பொத்திக்கொண்டா. அஷ்பாக் சிரிப்பை நிறுத்திவிட்டு ராத்தாவின் சட்டை நுனியைப் பிடித்தான்.

வாப்பா அவளுக்கு முன்னால் குந்தினார். "சரி மகள். பலகையத் தூக்கிட்டு இனி நான் கதைக்கிறன், கடையிலயும் பள்ளிக்கூடத்திலயும். நீ சொல்லு, எப்ப போவம்?"

நிஸ்பா பழக்கதோஷத்தில் திரும்பித் தம்பியின் முகத்தைப் பார்த்தாள், அங்கே என்ன எழுதியிருக்கிறது என்று.

வாப்பா அவளுடைய நாடியைப் பிடித்து முகத்தை மெல்லத் தன் பக்கம் திருப்பினார். "அவன்ட இல்ல மகள். உன்ட."

அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. வாசலில் ஆட்கள் முணுமுணுக்கத் தொடங்கிவிட்டார்கள். நான் அவர்களை எழுப்பி அனுப்பவில்லை. அடுத்த ஆளையும் கூப்பிடவில்லை. இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல இருப்பது அவ்வளவுதான்: பேசத் தெரிந்த பிள்ளைக்கும் நேரம் கொடுங்கள்.