காலி சீட்டுக்கு அடித்த மணி

பேய், காற்று, கருப்பு எதையும் நான் நம்பினவன் இல்லை. ஜெபம் பண்ணாமல் வீட்டுப் படி இறங்காத குடும்பம் எங்களுடையது. கர்த்தர் இருக்கிற வீட்டில் மற்றதற்கு ஏது இடம் என்று ஊரில் நாலு பேரிடம் நானே சண்டை போட்டிருக்கிறேன். அதனால் இதைப் படித்துவிட்டு நீங்கள் சிரித்தால் எனக்குக் கோபம் வராது. உங்கள் இடத்தில் இருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

பெரியபாளையம் பக்கத்து ஆரணியில் எங்கள் வீடு. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனிக்குச் சொந்த வண்டி ஓட்டுகிறேன். வெளியூர் என்ஜினீயர்கள் வருகிறார்கள், பெரிய வண்டியாக இருந்தால் நல்லது என்று கம்பெனியில் சொன்னதால் பத்து வருடம் ஓடின வெளிநாட்டு ஜீப் ஒன்றை வாங்கினேன். மலை, மணல், சேறு எதிலும் ஏறுமாம், உள்ளே உட்கார்ந்தால் சோபா மாதிரி இருக்கும். புதிதில் அதன் விலையை நம் வாயால் சொல்லவே முடியாது, பழையது ஒரு சின்னக் காரின் விலைக்கு வந்தது. ஏன் அப்படி வந்தது என்பது ஒரே மாதத்தில் புரிந்துவிட்டது. ஸ்பிரிங்குக்குப் பதிலாகக் காற்றுப் பை வைத்த வண்டி அது, ஒரு பை ஒழுகினால் அந்த மூலை ஒட்டகம் மாதிரி மண்டி போட்டுவிடும். புதுப் பை வெளிநாட்டிலிருந்துதான் வரவேண்டும்.

என் மனைவி எஸ்தர் வாசலில் நின்று சொல்லிக் காட்டுவாள். "ஊட்டுக் கூரை ஒயுவுது, அத்த பாக்க ஆளில்ல. ஜீப்பு ஒயுவுதுன்னா மட்டும் ஓடுறாரு."

மெக்கானிக் முனுசாமி செவ்வாப்பேட்டையிலிருந்து வருவான். அவன் பங்குக்கு, "ணா, இது வண்டியில்லணா, ஊட்டு மாப்ள. கேக்கறத வாங்கிக் குட்த்துக்கினே இருக்கணும்" என்பான். சிரித்துக்கொண்டே செலவு செய்தோம்.

ஒருநாள் சாயங்காலம், இருட்டக்கூட இல்லை, ஆந்திரா பக்கம் ஆள் ஏற்றிவரத் தனியாகப் போய்க்கொண்டிருந்தேன். கும்மிடிப்பூண்டி தாண்டி ஹைவே ஓரத்தில் லாரி எடை போடுகிற மேடை ஒன்று மூடிக் கிடக்கிறது. அங்கே வந்ததும் டிங், டிங், டிங் என்று மணி. பக்கத்து சீட்டில் ஆள் உட்கார்ந்து பெல்ட் போடாவிட்டால் அடிக்கிற மணி அது. சீட்டில் ஆளும் இல்லை, பையும் இல்லை. அதே நேரத்தில் வண்டியின் இடது முன் மூலை, கனமான ஆள் ஏறினால் இறங்குமே, அப்படி லேசாக இறங்கியது. ஆந்திர எல்லையில் எளாவூர் செக்போஸ்ட் லாரி வரிசையில் நின்றபோது மணி நின்றது, மூலை தானாக எழும்பியது.

மறுநாளும் அதே இடம், அதே மணி. முனுசாமி சீட்டுக்கு அடியில் ஆள் பாரத்தை அறிகிற சென்சாரை மாற்றினான், காற்றுப் பையையும் மாற்றினான். நம்பினால் நம்புங்கள், எடை மேடையில் ஏறுகிறது, எளாவூரில் இறங்குகிறது. தினமும்.

முனுசாமிக்கு அலுத்துவிட்டது. "மணிதான பேஜாரு? காலி சீட்டுக்கே பெல்ட்ட மாட்டி உடுணா. ஊர்ல பாதிப் பேரு அப்டித்தான் ஓட்றான்."

மறுநாள் எடை மேடை வந்து மணி அடித்ததும், நான் கையை நீட்டி பெல்ட்டை இழுத்து மாட்டிவிட்டேன். சத்தம் நின்றது. ஸ்தோத்திரம் என்றேன். ஆனால் எளாவூர் வந்தது, மூலை எழும்பவில்லை. வண்டி மண்டி போட்டபடியே வீடு வந்து சேர்ந்தது. மறுபடி ஒழுகல் என்று நினைத்துக்கொண்டு படுத்துவிட்டேன்.

விடிந்ததும் எஸ்தரால் எழுந்திருக்க முடியவில்லை. நெஞ்சில் பாரம் என்றாள். ஜீப்பு மண்டி போட்டுக் கிடந்ததால் ஆட்டோவில் பொன்னேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். எல்லாப் பரிசோதனையும் செய்தார்கள், ஒன்றும் இல்லை என்றார்கள். பாஸ்டர் ஐயா வந்து தலையில் கை வைத்து ஜெபித்தார். நாளுக்கு நாள் தேய்ந்துகொண்டே போனாள், கஞ்சிகூட இறங்கவில்லை. ஒரு மத்தியானம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "புள்ளைங்கள பாத்துக்க" என்றாள். என் உயிரே போய்விட்டது. அப்புறம் சொன்னாள்: "பக்கத்துல யாரோ ஒக்காந்துகினு கீறாங்க. எறங்க முடியல, எறக்கி உடுன்றாங்க."

வண்டிக்கு ஓடினேன். நான் மாட்டும்போது சீட்டோடு ஒட்டிக் கிடந்த பெல்ட் அது. இப்போது சீட்டை விட்டு ஒரு சாண் முன்னால், வளைந்து நின்றது. உள்ளே ஆள் இருந்தால் எப்படி நிற்குமோ அப்படி. நடுவில் காற்றுதான். சீட்டின் தோல் குழிந்திருந்தது.

எஸ்தரைத் தூக்கிவந்து பின் சீட்டில் படுக்க வைத்தேன். ஆஸ்பத்திரிக்கா என்று பக்கத்து வீட்டில் கேட்டார்கள், ஆமாம் என்று சொல்லிவிட்டு எளாவூருக்கு ஓட்டினேன். பக்கத்தில் திரும்பியே பார்க்கவில்லை. வாயில் ஜெபம். செக்போஸ்டில் லாரி வரிசைக்கு ஓரமாக நிறுத்தி, கண்ணை மூடிக்கொண்டு பெல்ட்டைக் கழற்றினேன். மணி அடித்தது. இறங்கிச் சுற்றிவந்து இடது கதவைத் திறந்தேன். "நீங்க யாரோ எவரோ, தெரியாம கட்டிப் போட்டுட்டேன். கர்த்தர் பேரால சொல்றேன், எறங்கிப் போங்க" என்றேன். பின்னால் நின்ற லாரிக்காரர், "இன்னா நைனா, யாருகிட்ட பேசுற?" என்று கத்தினார்.

மணி நின்றது. புஸ்ஸென்று மூலை எழும்பியது.

பின் சீட்டில் எஸ்தர் எழுந்து உட்கார்ந்திருந்தாள். "இன்னாய்யா நடுரோட்ல நின்னு அயுவுற? பசிக்குது, நாஷ்டா வாங்கிக் குடு."

அன்றோடு எடை மேடையில் மணி அடிப்பதில்லை. வண்டியும் மண்டி போடவில்லை. இதோடு முடிந்திருந்தால் இதை எழுதியே இருக்கமாட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் புறப்பட்டோம். எஸ்தர் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். சேலை கசங்கும் என்று பெல்ட் போடவில்லை. வண்டி கிளம்பியது, மணி அடிக்கவில்லை. சென்சார் போய்விட்டது என்று முனுசாமியைக் கூப்பிட்டேன். அவன் உட்கார்ந்தான், அடித்தது. என் மகள் உட்கார்ந்தாள், அடித்தது. அரிசி மூட்டையை வைத்தோம், அதற்கும் அடித்தது. எஸ்தர் உட்கார்ந்தாள். சத்தமே இல்லை.

"நான் அவ்ளோ எளச்சிட்டனா?" என்று அவள் சிரித்தாள். முனுசாமி சிரிக்கவில்லை. "சென்சார் நல்லாத்தான் கீதுணா" என்று சொல்லிவிட்டு, கூலிகூட வாங்காமல் பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டான்.

அவளிடம் ஒரு குறையும் இல்லை. சமைக்கிறாள், என்னைத் திட்டுகிறாள், ஜெபத்தில் எல்லோரையும் விடச் சத்தமாகப் பாடுகிறாள். எளாவூரில் அன்றைக்கு வண்டி எழும்பினதை என் கண்ணால் பார்த்தேன், ஒரு ஆள் இறங்கினது நிஜம். இறங்கினது யார் என்று மட்டும் நான் யோசிப்பதில்லை.

இன்றைக்கும் அவள் ஏறிக் கதவைச் சாத்தினதும், சாவியைத் திருப்பிவிட்டுக் கொஞ்ச நேரம் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

"இன்னாய்யா, கெளம்பலியா?" என்பாள்.