கோடு வரைக்கும் நல்ல தண்ணீர்

அந்த மீனை நான் வாங்கவில்லை, பிடிக்கவும் இல்லை. தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் மீன் பெட்டி தூக்கிக்கொண்டிருந்தேன். ஒருநாள் எனக்குப் பழக்கமான பைபர் படகுக்காரர் ஒருவரின் வலை பாரில் மாட்டிக்கொண்டது. கடலடியில் கிடக்கும் பாறைத் திட்டைத்தான் இங்கே பார் என்பார்கள். வலையை இழுத்தபோது கூடவே ஒரு கல்லும் பிய்ந்துகொண்டு வந்து, படகின் அடியில் தேங்கிய தண்ணீரில் கிடந்தது. தேங்காய் அளவு இருக்கும், முழுக்க ஓட்டை. படகு கரைக்கு வந்ததும் அதைத் தூக்கி வெளியே போடச் சொன்னார். போடுவதற்கு முன் திருப்பிப் பார்த்தேன். ஓர் ஓட்டைக்குள்ளிருந்து இரண்டு கண்கள் என்னைப் பார்த்தன.

"அண்ணே, இதுக்குள்ள ஒரு மீனு இருக்கு."

"கொழம்புக்கு ஆவுமா?"

"சுண்டு விரல் அளவுகூட இல்ல."

"அப்ப உன் ஒருத்தனுக்குப் போதும், எடுத்துனு போ."

நின்றவர்கள் சிரித்தார்கள். நான் கல்லை வாளியில் போட்டுக் கடல் தண்ணீரை மொண்டு ஊற்றினேன். ஏழாம் வகுப்பில் பள்ளியை விட்டுக் கிளம்பியவன் நான். திருப்பூரில் துணி மடித்தேன், ஓசூரில் கல் உடைத்தேன், மரக்காணம் உப்பளத்தில் ஒரு கோடை முழுக்க உப்பு வாரினேன், சென்னையில் மூன்று ஓட்டல்களில் பாத்திரம் கழுவினேன். எந்த ஊரிலும் சேர்ந்தாற்போல் ஆறு மாதம் இருந்ததில்லை. அப்படிப்பட்டவன் வீட்டைத் தூக்கிக்கொண்டே வந்துவிட்ட ஒரு ஜீவனைப் பார்த்ததும் விட மனம் வரவில்லை போலிருக்கிறது.

அப்போது நெல்லித்தோப்பில் ஒரு தையல்கார அக்கா வீட்டின் பின்னறையில் குடியிருந்தேன். அவர்கள் முஸ்லிம் குடும்பம். பிள்ளைகள் இருவரும் வளைகுடாவில் இருந்தார்கள், அக்கா மட்டும் இங்கே. காலையிலிருந்து பொழுது சாயும்வரை வீட்டு நடையில் மிஷின் போட்டு ஜாக்கெட் தைப்பார். வாளியோடு நான் உள்ளே நுழைந்ததைப் பார்த்து, "கல்லக் கழுவி இன்னா பண்ணப் போற?" என்று கேட்டார்.

பழைய சாமான் கடையில் ஒரு சின்னக் கண்ணாடித் தொட்டி கிடைத்தது. ஒரு குடம் தண்ணீர் பிடிக்கும், அவ்வளவுதான். காற்று மோட்டார் வாங்க வண்ண மீன் கடைக்குப் போனபோது கடைக்காரர், "கடல் மீனா? அது நிக்காதுங்க. கோல்டு பிஷ் வாங்கிக்குங்க" என்றார். மோட்டாரை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தேன். என் அறையில் இருந்தது ஒரே ஒரு பிளக், அதுவும் வேலை செய்யாது. அதனால் தொட்டியை நடையில், அக்காவின் மிஷினுக்குப் பக்கத்தில் வைத்து, அடியில் மணல் பரப்பிக் கல்லை இறக்கினோம்.

மீன் பழுப்பு நிறம், உடம்பெல்லாம் புள்ளி. கண்ணுக்கு மேலே புருவம் போல இரண்டு பிசிறு. அதன் பெயர் துறைமுகத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை. பொந்தைவிட்டு வெளியே வரவே வராது. இறாலை நகத்தளவு நறுக்கிப் போட்டுவிட்டு நான் நின்று பார்ப்பேன். அதுவும் உள்ளேயிருந்து என்னையே பார்க்கும். நான் வேலைக்குப் போய்த் திரும்பினால் இறால் இருக்காது.

"எங்கிட்ட வருது. நான் தைக்கிறப்ப வெளிய வந்து தலையணைல சாயற மாதிரி கல்லுல சாஞ்சிக்கிது" என்றார் அக்கா.

"எனக்கு மட்டும் ஏன் வரமாட்டேங்குது?"

"நீ ஒரு எடத்துல நிக்கிறியா? போற, வர, குனியற, நிமிர்ற. புது மாப்பிள்ளைய மாமனாரு எட்டி எட்டிப் பாத்தா அவரு எப்படி ரூம்ப விட்டு வெளிய வருவாரு?"

அன்றிலிருந்து மீனுக்கு மாப்பிள்ளை என்றே பெயர். மாப்பிள்ளை சாப்பிட்டாரா, மாப்பிள்ளை தூங்கினாரா என்றுதான் எங்கள் வீட்டில் பேச்சு.

தொட்டியில் தண்ணீர் குறையக் குறைய நான் ஊற்றிக்கொண்டே வந்தேன். கடல் மீன், அதனால் கடல் தண்ணீர். கரையோரத் தண்ணீரில் ஊர்ச் சாக்கடை கலக்கும் என்பதால், படகுக்கார அண்ணனிடம் ஒரு கேனைக் கொடுத்து ஆழத்தில் மொண்டு வரச் சொன்னேன். "மீனத்தான் கரைக்குக் கொண்டாருவாங்க. என்னிய மீனுக்குத் தண்ணி தூக்க வெச்சிட்டியே" என்று அலுத்துக்கொண்டே கொண்டுவருவார்.

பிறகு தடைக்காலம் வந்தது. மீன்கள் முட்டையிடும் அந்த இரண்டு மாதம் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது, பைபர் படகுகள் மட்டும் போய்வரும். எங்களுக்குத் தூக்கப் பெட்டி இருக்காது. வழக்கமாகப் பெட்டி தூக்குகிறவர்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து வேனில் மங்களூர்ப் பக்கம் போய்விடுவார்கள்; அங்கே தடை பின்னால்தான் தொடங்கும். அந்த வருடம் நானும் என் பையைக் கட்டி வைத்திருந்தேன்.

சித்திரை வெயில். நடையில் நின்றாலே வேர்த்துக் கொட்டியது. தொட்டித் தண்ணீரைத் தொட்டுப் பார்த்த அக்கா தன்னுடைய டேபிள் பேனைத் தூக்கித் தொட்டிப் பக்கம் திருப்பி வைத்துவிட்டார். தான் மட்டும் முந்தானையால் விசிறிக்கொண்டு தைத்தார். பேன் ஓட ஓட, நாளுக்கு ஒரு டம்ளர் குறைந்த தண்ணீர் இரண்டு டம்ளர் குறைந்தது. நானும் கேனிலிருந்து இரண்டு டம்ளர் ஊற்றினேன்.

வேன் கிளம்பும் நாள் காலையில் எழுந்து வந்து பார்த்தேன். மாப்பிள்ளை பொந்துக்கு வெளியே மணலில் கிடந்தது. செவுள் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. கண்ணாடியைத் தட்டினேன். ஓடவில்லை. கையைத் தண்ணீருக்குள் விட்டேன். அப்போதும் ஓடவில்லை. ஆள் நிழல் பட்டாலே ஒளிகிற மீன் ஒளியாமல் கிடந்ததுதான் எனக்கு பயமாக இருந்தது.

அக்கா துணியை எடுத்துத் தொட்டியின் விளிம்பைத் துடைத்தபடி புலம்பினார். "நேத்துதான் தொடச்சேன். பாரு, மறுபடியும் வெள்ள வெள்ளயா பூத்துக் கெடக்கு. நீ தெனம் ஊத்தற, தெனம் கொறயுது. அவ்ளோ தண்ணியும் எங்கதான் போவுது?"

விரலால் அந்த வெள்ளையைத் தொட்டு நாக்கில் வைத்தேன். பிறகு தொட்டித் தண்ணீரில் ஒரு சொட்டு. நாக்கு சுருண்டது. எனக்கு அந்த ருசி தெரியும். மரக்காணத்தில் கடல் தண்ணீரைப் பாத்தியில் தேக்கி, பாதி காய்ந்த பிறகு அடுத்த பாத்திக்கு விடுவார்கள். அந்த இரண்டாம் பாத்தித் தண்ணீரின் ருசி அது. அதில் நின்று நின்று என் குதிகால் வெடித்து இரண்டு மாதம் ஆறவில்லை. தண்ணீர் காற்றோடு போகும், உப்பு மட்டும் தங்கும் என்று அந்தப் புண்ணில் படித்தவன் நான். நானே வீட்டு நடையில் ஒரு கண்ணாடி உப்பளம் போட்டு, அதற்குக் காற்றும் வைத்து, மேலும் மேலும் உப்பையே ஊற்றியிருக்கிறேன்.

"நல்ல தண்ணி ஊத்தணும்க்கா."

"கடல் மீனுக்கு நல்ல தண்ணி ஊத்துனா செத்துப்பூடாதா?"

"கடல்ல மழ பெய்யுதே."

அக்கா துணியைக் கீழே வைத்தார். "மழ ஒரேடியா கொட்டுனா நம்மளே தாங்க மாட்டோம். மெதுவா ஊத்து" என்றார்.

தொட்டியிலிருந்து நாலைந்து சொம்பு மொண்டு கொட்டினேன். மேலே ஒரு ஸ்டூல் போட்டு, குடிக்கிற கேன் தண்ணீரை ஒரு பாத்திரத்தில் வைத்தேன். அக்கா லைனிங் துணியில் ஒரு நீளத் துண்டு கிழித்து நனைத்து, ஒரு முனையைப் பாத்திரத்துக்குள்ளும் மறுமுனையைத் தொட்டிக்கு மேலும் தொங்கவிட்டார். துணி வழியாகச் சொட்டுச் சொட்டாக இறங்கியது. பக்கத்தில் ஒரு டம்ளரில் கடல் தண்ணீரை வைத்துக்கொண்டேன். அதில் ஒரு சொட்டு, தொட்டியில் ஒரு சொட்டு, மாற்றி மாற்றி நக்கிப் பார்ப்பதுதான் என்னிடம் இருந்த அளவு.

மதியம் போன் வந்தது. வேனிலிருந்து கூட்டாளி.

"எங்கடா நிக்கிற? எல்லாரும் ஏறியாச்சு."

"நான் வரல. மீனுக்கு ஒடம்பு சரியில்ல."

"மீனுக்கா? டன் கணக்குல செத்த மீனு தூக்குறவன்டா நீ."

அப்புறம் அவன் வண்டியில் இருந்தவர்களிடம் அதைச் சொல்வதும், அவர்கள் சிரிப்பதும் கேட்டது. போனை வைத்துவிட்டேன். அந்த வேனில் போயிருந்தால் இரண்டு மாதச் சோற்றுக்குக் கவலையில்லை. போகாததால் மேஸ்திரி ஒருவரிடம் மணல் சலிக்கப் போக வேண்டியிருந்தது. அது அப்போதே தெரிந்ததுதான்.

பொழுது சாய்கிற நேரத்தில் என் நாக்கு மரத்துப்போய் எதுவும் தெரியவில்லை.

"அக்கா, நீ கொஞ்சம் ருசி பாத்துச் சொல்லு."

"மாப்பிள்ள குளிச்ச தண்ணியயா?"

"ஒரே ஒரு சொட்டு."

முகத்தைச் சுளித்துக்கொண்டு இரண்டையும் நாக்கில் வைத்துப் பார்த்தார். மறுபடியும் வைத்துப் பார்த்தார். "ரெண்டும் ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டு வாய் கொப்பளிக்கப் போனார். நான் துணியை எடுத்தேன்.

மீன் மணலில்தான் கிடந்தது. ஆனால் செவுள் நிதானமாக அடித்தது. அக்கா திரும்பி வந்து, உயிர் இருக்கிறதா என்று பார்க்கத் தொட்டிமேல் குனிந்தார். அவர் நிழல் விழுந்ததுதான் தாமதம், விருட்டென்று வாலை அடித்துப் பொந்துக்குள் போய்விட்டது. மணல் மட்டும் கலங்கி நின்றது.

"வெக்கம் வந்துடுச்சி" என்றார் அக்கா. அவர் கண் கலங்கியிருந்ததை நான் கவனிக்காதது போல இருந்தேன்.

நான் தரையிலேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். காலையிலிருந்து உட்கார்ந்த அலுப்பு, எழுந்திருக்கத் தெம்பில்லை. அக்கா மிஷினை மிதிக்கத் தொடங்கினார். கொஞ்ச நேரத்தில் முதலில் புருவம் வந்தது, பிறகு கண், பிறகு முழு உடம்பும். கல்லின் மேல் ஏறிச் சாய்ந்துகொண்டது. அக்கா சொன்னபடியேதான், தலையணையில் சாய்வது போல.

மறுநாள் அக்கா தையல் சாக்பீஸால் கண்ணாடியில் தண்ணீர் நின்ற மட்டத்துக்கு ஒரு கோடு போட்டார். அது அழிந்துபோனதால் நெயில் பாலிஷால் போட்டார். அந்தக் கோடு வரைக்கும் தினமும் காலையில் நல்ல தண்ணீர். மாதத்துக்கு இரண்டு முறை கொஞ்சம் மொண்டு கொட்டிவிட்டு, அந்த அளவுக்கு மட்டும் அண்ணன் கொண்டுவரும் கடல் தண்ணீர். இதையெல்லாம் பெரிய தொட்டி வைத்திருப்பவர்கள் முதல் நாளே தெரிந்துகொள்வார்களாம்.

இது மூன்றாவது வருடம். இன்னும் அதே பின்னறைதான். போன வாரம் காலாப்பட்டில் பெயின்ட் வேலை, இரண்டு நாள் அங்கேயே தங்கும்படி ஆனது. சாயங்காலம் அக்காவுக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் எடுத்துக் குசுகுசுவென்று பேசினார்.

"அக்கா, தண்ணி ஊத்துனியா?"

"ஊத்திட்டேன், ஊத்திட்டேன். போன வை. அவரு இப்பதான் வெளிய வந்து சாஞ்சிருக்காரு."