அச்சேறாமல் விட்ட பத்தி

சிறுவர் பக்கம் செய்கிறவர்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை: விளம்பரம் வந்தால் முதலில் சுருங்குவது நம்முடைய பக்கம்தான்.

வீட்டு விளம்பரம்

தொண்ணூறுகளில் கனடாவின் ஸ்காபரோவிலிருந்து வந்த ஒரு தமிழ் வாரப் பத்திரிகையில் சிறுவர் பக்கம், ஊரில் வாத்தியாராக இருந்த என் பொறுப்பு. ஒரு கிழமை, யூதர்களின் மறைஞான நூல் பதினாறாம் நூற்றாண்டில் அச்சேறிய கதையை எழுதினேன். அதுவரை அது ஒரே நூலாக இருந்ததில்லை. ஒன்றுக்கொன்று வேறுபட்ட கையெழுத்துப் பிரதிகளாகவே இருந்தது. இரகசியத்தை ஊருக்கெல்லாம் அச்சடித்துக் கொடுப்பதா என்று மதகுருமார் சிலர் மறுத்தார்கள். அதையும் மீறி இத்தாலியில் இரண்டு ஊர்க்காரர் தங்கள் கைக்குக் கிடைத்த பகுதிகளை மட்டும் போட்டி போட்டு அச்சடித்தார்கள்.

பத்திரிகை ஆசிரியர் என் பக்கத்தில் பாதியை வீட்டு விற்பனை விளம்பரத்துக்கு எடுத்துக்கொண்டார். ஒரு பிள்ளையாவது ஏதாவது கேட்காவிட்டால் அடுத்த கிழமை மீதிப் பாதியும் போகும் என்றார். “மாஸ்ரர், எங்கட பிள்ளையளே இதை வாசிக்கப்போகுதுகள்?”

ஒட்டுகிற இடம்

கட்டுரையை நறுக்கி அட்டையில் ஒட்டிப் பக்கம் செய்த காலம். ஒட்டுபவர் சிவம். தனியாகப் போட நான் எழுதிய குறிப்பைக் கட்டுரையின் நடுவில் ஒட்டினார். இடம் போதாமல் கடைசிப் பத்தியை விட்டுவிட்டார்.

கோபித்துக்கொண்ட எனக்கே பிறகு சிரிப்பு வந்தது. அந்த அச்சுக்காரர்களும் அதைத்தானே செய்தார்கள்? ஒரு பிரதியில் இருப்பது மற்றதில் இல்லையென்றால் அதை அதே பக்கத்தில் தனிப் பத்தியாக வைத்தார்கள். பின்னால் வந்தவர்களுக்கு அந்தப் பக்கமே நூலாகிவிட்டது. இன்றைக்கும் மேற்கோள் காட்டுகிறவர்கள் அவர்களில் ஓர் ஊரார் போட்ட பக்க எண்ணைத்தான் சொல்கிறார்கள். இதைச் சொன்னதும் சிவம் நிமிர்ந்தார். “அப்ப, கத்தரிக்கோல் வைச்சிருக்கிறவன்தான் ஆசிரியர் எண்டு சொல்லுங்கோ.”

பிக்கரிங்கிலிருந்து

பத்திரிகை வந்து நான்கு நாள்வரை ஒருவரும் கேட்கவில்லை. ஐந்தாம் நாள் தொலைபேசியை எடுத்த ஆசிரியர், அதன் ஒலிபெருக்கிப் பொத்தானை அழுத்தினார். பக்கத்து ஊரான பிக்கரிங்கிலிருந்து ஒரு சிறுமி, நான்காம் வகுப்பாம். “அங்கிள், அந்த ஆக்கள் பிரிண்ட் பண்ணாம விட்டதெல்லாம் எங்க போச்சு? ஒருத்தரும் தேடேல்லையா?”

தேடினார்கள் என்றேன். விடுபட்டவற்றைப் பிற்காலத்தில் வேறோர் ஊரில் திரட்டித் தனி நூலாக அச்சிட்டார்கள். சிவம் விட்ட கடைசிப் பத்தியே அதுதான். அறிஞர்கள் கேட்ட கேள்வியை என் வாசகியும் கேட்டுவிட்டாள். அன்றைக்கு என்னைவிடப் பெருமைப்பட்டவர் ரொறன்ரோவில் இருந்திருக்க மாட்டார். ஆசிரியர் தொலைபேசியை வைத்துவிட்டு என்னிடம் திரும்பினார். “விட்டதை வாற கிழமை போடுங்கோ மாஸ்ரர், முழுப்பக்கமும் எடுங்கோ.”

சிறுவர் பக்கத்தை வெட்டுவது எந்த ஆசிரியருக்கும் எளிது. வெட்டியது எங்கே என்று கேட்கிற பிள்ளைக்குப் பதில் சொல்வதுதான் கடினம்.