அம்மியைச் சுற்றிய சேவல்கள்

அம்மா போன பிறகு அப்பா பழனி வீட்டில் தனியாக இருந்தார். மலைமேல் வில்பட்டியில் இருக்கும் எங்களோடு வந்துவிடுங்கள் என்று எத்தனையோ முறை கூப்பிட்டும் அசையவில்லை. எங்கள் சேவலைக் காட்டுப்பூனை தூக்கிப் போய்விட்டது என்று நான் போனில் புலம்பியதும்தான், தான் வளர்த்த இரண்டு சேவல்களைக் கூடையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறி வந்தார். வந்ததுமே சொல்லிவிட்டார்.

"இதுக ரெண்டும் கூட்டத்தோட சேர்ந்ததும் நான் கெளம்பிருவேன்த்தா. அங்க சோலி கெடக்கு."

என்ன சோலி? சுவரில் தொங்கும் அம்மா போட்டோவைப் பார்த்துக்கொண்டு கஞ்சி குடிக்கிற சோலி. கொண்டுவந்த துணிகளை எடுத்து அடுக்காமல், பையோடு ஆணியில் மாட்டி வைத்தார். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சேவல்களை முற்றத்தில் விட்டு மூங்கில் பஞ்சாரக் கூடையைக் கவிழ்த்து மூடினார். கோழிகள் வெளியே நின்று பார்த்துப் பழகட்டும் என்றார். எங்கள் கூட்டத்துக்கு அதிகாரி ஒரு கறுத்த பெட்டை. பஞ்சாரத்தைத் திறந்த அன்றே ஒரு சேவலின் கொண்டையைக் கொத்தி ரத்தம் பார்த்துவிட்டது.

"கீழ ராசா மாதிரி திரிஞ்சான். இங்க வந்து ஒரு பெட்டைக்கு நடுங்குறான்," என்றபடி அப்பா மஞ்சள் குழைத்துப் பூசினார்.

நான் அந்தப் பெட்டைக்கு ஒரு பிடி கம்பு கூடுதலாகப் போட்டேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அவை சேரவே கூடாது என்று வேண்டிக்கொண்டேன்.

வேண்டுதல் பலிக்கவில்லை. ஒரு நாள் கேரட் பாத்தி ஓரம் மண்ணைக் கிளறிய அதே சேவல், புழுவைக் கண்டதும் கொக்கொக்கென்று கூப்பிட்டுவிட்டு, தான் தின்னாமல் ஒதுங்கி நின்றது. கறுத்த பெட்டை ஓடி வந்து தின்றது. அன்று பொழுது சாயும்போது எல்லாம் ஒன்றாகவே கூண்டுக்குள் ஏறின. அப்பாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"காலையில வெள்ளனே கெளம்புறேன்," என்றார்.

எதையாவது சொல்லி நிறுத்த வேண்டுமே. "இன்னும் அம்மியச் சுத்தி விடலையேப்பா," என்றேன். புதுக் கோழியைத் தூக்கிக்கொண்டு அம்மியை மூன்று சுற்றுச் சுற்றி விட்டால் அது வீட்டை விட்டுப் போகாது என்பது எங்கள் வழக்கம். மிக்ஸி வந்த நாளிலிருந்து எங்கள் அம்மி தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பாசி பிடித்துக் கிடந்தது.

மறுநாள் பனி விலகும் முன்னே, கக்கத்துக்கு ஒன்றாகச் சேவல்களை இடுக்கிக்கொண்டு அப்பா அதை மூன்று முறை சுற்றினார். இறக்கிவிட்டதும் அவை கோழிகளைத் தேடி ஓடின. பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"சேவ மட்டுமாப்பா சுத்துச்சு? நீங்களுந்தான சுத்துனீங்க," என்றேன்.

அப்பா கைகளைத் தேய்த்துக்கொண்டார்.

"குளுருதுத்தா. பையில ஸ்வெட்டர் இருக்கு, எடுத்துட்டு வா."

பையைத் திறந்தேன். ஸ்வெட்டருக்கு அடியில், வேட்டியில் சுற்றி, பழனி வீட்டுச் சுவரில் இருந்த அம்மாவின் போட்டோ இருந்தது. பை தொங்கிய ஆணியில் அதை மாட்டினேன்.