மொட்டைத் தலையும் நாகர்கோவில் பஸ்ஸும்

சென்ற வாரம் எங்கள் எதிர்வீட்டுக் கிட்டு மாமா நாகர்கோவில் பஸ்ஸைத் தவறவிட்டார். அதற்குக் காரணம் நான்தான் என்று ஸ்ரீவராகம் தெரு முழுவதும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

நடந்தது இதுதான். மகனுக்குப் பெண் பார்க்கப் போவதற்காக மாமா விடிந்தும் விடியாததுமாகக் குடையும் பையுமாய்ப் படி இறங்கினார். அதே சமயம் கோலம் போடுவதற்கு நானும் எங்கள் வாசலுக்கு வந்தேன். குனிந்தேன். தலையில் போட்டிருந்த முக்காடு நழுவியது. அவ்வளவுதான்! மாமா வந்த காலோடு உள்ளே திரும்பினார். ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார். சற்று உட்கார்ந்தார். தெருவில் நல்ல முகமாக ஒன்று வந்த பிறகு புறப்பட்டார். அதற்குள் பஸ் போய்விட்டது.

மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். மொட்டைத் தலைக்கும் மோட்டார் பஸ்ஸுக்கும் முடிச்சுப் போட்டவர் எங்கள் கிட்டு மாமா ஒருவர்தான்.

"அது என்ன, உனக்கு மொட்டைத் தலை?" என்று கேட்கிறீர்களா? வாரம் தவறாமல் இந்தப் பத்திரிகைப் பக்கத்தில் உங்களோடு வம்பளந்துகொண்டிருந்தவள் இத்தனை நாள் எங்கே போனேன் என்று நினைத்தீர்கள்? டைபாயிடு!

ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் பாதி எனக்கு நினைவில் இல்லை. பார்லித் தண்ணீர் நினைவிருக்கிறது. தலையில் வைத்த ஐஸ் பை நினைவிருக்கிறது. ஒரு நாள் நர்ஸ் கத்திரிக்கோலோடு வந்து நின்றதும் நன்றாக நினைவிருக்கிறது. இடுப்புக்குக் கீழே தொங்கிய பின்னல் சிக்குப் பிடித்து, தேங்காய் நாராகக் கிடந்தது. டாக்டர் எடுத்துவிடச் சொல்லிவிட்டார். நான் அழுதேன்.

"கரயண்டா அம்மா," என்று அந்த மலையாளத்துப் பெண் என் கண்ணைத் துடைத்தாள். "முடி இனியும் வரும். ஜீவன் போயால் வருமோ?"

நியாயமான கேள்விதான். ஆனால் அவள் எங்கள் தெருவில் குடியிருப்பவள் அல்ல. எங்கள் தெருவில் கணவனை இழந்தவளுக்குத்தான் தலையை மழிப்பார்கள். அவள் எதிரே வந்தால் புறப்பட்ட காரியம் கெட்டுப்போகும் என்பார்கள். என் கணவரோ, பகவான் புண்ணியத்தில் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறார். சர்க்காரின் தலைமை ஆபீஸான ஹஜூர் கச்சேரியில் உத்தியோகம். நெற்றியில் எனக்குக் காலணா அகலத்துக்குக் குங்குமம். இருந்து என்ன? தூரத்திலிருந்து பார்க்கிறவர் கண்ணில் முதலில் படுவது தலைதானே?

வீட்டுக்கு வந்ததும் அவர் மிகவும் அன்பாக, "ஒரு சவுரி வாங்கிண்டு வரட்டுமா?" என்று கேட்டார்.

"சவுரியை எதுல சேர்த்துப் பின்றது? மண்டைல ஆணி அடிச்சா?" என்றேன்.

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு அடுக்களைக்குப் போய் அழுதேன். இந்த நோயில் அப்படி ஒரு விசித்திரம்... ஜுரம் போனாலும் அழுகை போவதில்லை. ஈர்க்குச்சி ஒடிந்தால் அழுகை. பால் பொங்கினால் அழுகை. டாக்டர் நாடியைப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார், மார்பில் குழாய் வைத்துப் பார்த்தார். "பேஷ், தேறிவிட்டீர்கள்! திங்கட்கிழமை முதல் பள்ளிக்கூடத்துக்குப் போகலாம்" என்றார். பெண்கள் பள்ளிக்கூடத்தில் நான் கணக்கு டீச்சர். உடம்பு தேறியது வாஸ்தவம். உள்ளே இருக்கிறவள் தேறினாளா என்று பார்க்க அந்தக் குழாய்க்குத் தெரியவில்லை.

தைரியத்தை எல்லாம் திரட்டிக்கொண்டு முதன்முதலாக வாசலுக்கு வந்த அன்றுதான் கிட்டு மாமாவின் பஸ் போனது!

அதற்குப் பிறகு நான் செய்ததைக் கேளுங்கள். மறுநாள் என் கணவர் கச்சேரிக்குப் புறப்பட்டார். வழக்கமாகக் குடையை எடுத்துக்கொண்டு வாசல்வரை போய் வழியனுப்புகிறவள் நான். அன்று குடையைக் கூடத்திலேயே வைத்துவிட்டு, சட்டென்று அடுக்களைக் கதவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன். யாரும் சொல்லவில்லை. கால் தானாகப் போயிற்று.

அங்கே ஏற்கெனவே ஒருவர் நின்றுகொண்டிருந்தார். அக்கா.

அக்கா என்றால் என் கணவரின் மூத்த சகோதரி. சிறு வயதிலேயே கணவரை இழந்து தம்பி வீட்டோடு வந்துவிட்டவர். எனக்குக் கஞ்சி வடித்துக் கொடுத்து, ஆஸ்பத்திரியில் பக்கத்திலேயே கிடந்து, என்னை எமன் கையிலிருந்து பிடுங்கி வந்தவர் அவர்தான். வீட்டில் யார் வெளியே புறப்பட்டாலும் அவர் அந்தக் கதவுக்குப் பின்னால் போய்விடுவார். அது எங்கள் வீட்டு வழக்கம்.

அக்கா என்னைப் பார்த்துத் திடுக்கிட்டார்.

"நீ எதுக்குடி இங்க வந்து நிக்கறே? உனக்கென்ன? மகராஜி மாதிரி போய் அவனை அனுப்பிட்டு வா, போ!"

"நீங்க எதுக்கு நிக்கறேள் அக்கா?"

"நல்லா கேட்டே போ! நான் பின்னே எங்க நிக்கறது?" என்றார். கொஞ்சம் பொறுத்து, "எனக்குப் பழகிப் போச்சுடி. உனக்கு வேண்டாம்" என்றார்.

பழகிப் போச்சு! ஒரே ஒரு கிட்டு மாமா, ஒரே ஒரு டம்ளர் தண்ணீர்... அதற்கே நான் ஓடி ஒளியப் பழகிவிட்டேன். இவர் எத்தனை கிட்டு மாமாக்களைப் பார்த்திருப்பார்? எனக்கு வந்தது ஜுரம். அது இறங்கிவிட்டது. தீபாவளிக்குள் காதுவரை முடி வந்துவிடும், மறுபடியும் எல்லோருக்கும் நான் நல்ல சகுனம். அக்காவின் தலையிலும்தான் முடி முளைக்கிறது. மாதம் தவறாமல் முளைக்கிறது. மாதம் தவறாமல் கொல்லைப்புறமாக நாவிதர் வந்துவிடுகிறார்.

கோபம் வந்தது. உண்மையான கோபம். ஆச்சரியம் என்னவென்றால், கோபம் வந்ததும் அழுகை நின்றுவிட்டது! டாக்டரின் டானிக் செய்யாத வேலையை அது செய்தது.

அன்று மாலை என் கணவரிடம் சொன்னேன்: "திங்கட்கிழமை பள்ளிக்கூடம் போறேன். முக்காடு கிடையாது. அக்காதான் வாசல்ல நின்னு என்னை அனுப்பணும்."

"முடி வளர்ற மட்டும் லீவு போடேன். ஊர் என்ன சொல்லும்..."

"ஊர் ஏற்கெனவே சொல்லியாச்சு. இன்னும் புதுசா என்ன சொல்லப்போறது?"

அவர் அக்காவின் பக்கம் திரும்பினார். அக்காதான் பேசினார். "வேண்டாம்டி. பிழைச்சு எழுந்து முதன்முதலாப் போறே. உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் தாங்கமாட்டேன்" என்று கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார். தன்னால் எனக்குக் கெடுதல் வரும் என்று அவரே நம்புகிறார்! என்னைப் பிழைக்க வைத்த கை அது.

"என் ஜுரத்துல தினமும் கண்ணைத் திறந்ததும் யார் முகத்தில முழிச்சேன்? உங்க முகத்திலதானே? செத்தா போயிட்டேன்?" என்றேன்.



திங்கட்கிழமை வந்தது. முட்களாக முளைத்த தலையில் எண்ணெய் தடவிக்கொண்டேன். குங்குமத்தை இன்னும் கொஞ்சம் பெரிதாக வைத்துக்கொண்டேன். வைக்க இடமில்லாததால் பூவைக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். அக்காவின் கையைப் பிடித்து வாசலுக்கு அழைத்து வந்தேன்.

எதிரே கதவு திறந்தது. கிட்டு மாமா! அதே குடை, அதே பை, மறுபடியும் நாகர்கோவில். ஒன்றுக்கு இரண்டாக மொட்டைத் தலைகளைப் பார்த்ததும் படியிலேயே நின்றுவிட்டார். அக்கா சட்டென்று உள்ளே திரும்பினார். நான் பிடியை விடவில்லை.

"அக்கா, நான் போயிட்டு வரட்டுமா?" என்று தெருவுக்கே கேட்கும்படி கேட்டேன்.

அக்கா கிட்டு மாமாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு முதல் தடவையாக, வாசலில் நின்றுகொண்டு, "போயிட்டு வாடி" என்றார். தெருவுக்கே நன்றாகக் கேட்டது.

கிட்டு மாமா மறுபடியும் தண்ணீர் குடிக்க உள்ளே போய்விட்டார்.

தாராளமாகக் குடியுங்கள் மாமா, உங்கள் கிணற்றில் தண்ணீருக்கா பஞ்சம்? நாங்கள் தினமும் வாசலில்தான் நிற்போம்!